அகழிக்கு முன்னால் ஒரு பலகை வையுங்கள், ஐயா

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த அலுவலகம் என்று பெயர் போடவில்லை. கோத்தகிரிப் பக்கம் தேயிலைச் சரிவில் பொக்லைன் கொண்டுவந்து பாதைக்குக் குறுக்கே அகழி வெட்டியது யார் என்று உங்களுக்கே தெரியும். மூன்று மனு கொடுத்தாயிற்று, மூன்றுக்கும் பதில் இல்லை, அதனால்தான் இப்படி ஊரறிய எழுதுகிறேன்.

நாங்கள் சனிக்கிழமை காலையில் மலைச் சைக்கிள் ஓட்டும் ஏழெட்டுப் பேர். எங்கள் சுற்று 11 கிலோமீட்டர். ஜீப் பாதையில் ஏறி, சீகை (வாட்டில்) மரத் தோப்புக்குள் நுழைந்து, ஒற்றையடிப் பாதையில் தேயிலை நடுவே இறங்கி, புறப்பட்ட டீக்கடைக்கே வந்து சேரும். வெளிநாடுகளில் இந்த மாதிரிப் பாதைக்கு நீலச் சதுரம் வரைந்து வைப்பார்கள், நடுத்தரம் என்று அர்த்தம். அகலம் இரண்டடியாவது இருக்கும், சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள், வழியில் கிடக்கும் கல்லோ வேரோ 8 அங்குலத்துக்குள். நான்கடி ஆழ அகழி அந்தக் கணக்கில் எங்கும் வராது.

அன்றைக்கு முன்னால் போனவன் என் அக்கா மகன், பதினேழு வயது. தோப்பு முடிகிற இடத்தில் பாதை இடப்பக்கம் மடங்கும், மடங்கினால் பத்தடி தூரம்தான் கண்ணுக்குத் தெரியும். முந்தின சனிக்கிழமை அங்கே அகழியே இல்லை. இந்தச் சனிக்கிழமை அகழி இருந்தது, பலகை இல்லை, கயிறு இல்லை, ஒரு கம்புகூட நட்டிருக்கவில்லை. முன் சக்கரம் உள்ளே இறங்க, பையன் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து எதிர்க்கரையில் தோளடித்து விழுந்தான். காறை எலும்பு முறிந்துவிட்டது. குழிக்குள் கிடந்தபடி அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, ஃபோர்க் போச்சா?" முன் சக்கரத்தைத் தாங்கும் கவையைத்தான் கேட்கிறான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். ஓர் அக்கா தலைத்துண்டை அவிழ்த்து அவன் கையைக் கழுத்தோடு கட்டினார். "செவ்வாய்க்கிழமை நானே விழுந்தேன் தம்பி, விடியல்ல எங்க தெரியுது" என்று முழங்காலைக் காட்டினார், தோல் உரிந்து கறுத்துப்போயிருந்தது. அவர் எந்த மனுவும் எழுதவில்லை. சைக்கிள்காரர்களைத் தடுக்கத்தான் வெட்டினீர்கள் என்றால், முதலில் மாட்டியது கூடையோடு வேலைக்கு நடந்து போன பெண். காட்டுமாட்டின் குளம்புத் தடம் மட்டும் அகழியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தது. அதற்கு மட்டும் முன்கூட்டியே தகவல் கொடுத்தீர்கள் போல.

நாங்களே இரண்டு சீகைக் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். போன் போட்டுக் கேட்டால், அனுமதி இல்லாமல் எதையும் நடக்கூடாதாம். வெட்டியவர்கள் நீங்கள், அப்போது நீங்களே நடுங்கள் என்றுதானே கேட்கிறோம்? அந்த வளைவுக்கு முன்னால் ஒரு பலகை.

சைக்கிள் மண்ணைக் கரைக்கிறது என்றும் அதே போனில் சொன்னார்கள். சரி, பேசுவோம். மண்ணைக் கரைப்பது தண்ணீர். சரிவில் செங்குத்தாக இறங்கும் பாதை மழைக்கு வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே போகும் பாதை, வெளி ஓரம் லேசாகத் தாழ்ந்திருந்தால், தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும். எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது, அது ஓய்ந்ததும் வருடா வருடம் மண்வெட்டியோடு போய் வடிகால் எடுப்பது நாங்கள். ஈரம் காயும்வரை சைக்கிளைத் தொடுவதில்லை. உங்கள் அகழி மண் இப்போது தேயிலைக்குள் கரைந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் ஒருதடவை வந்து பாருங்கள்.

சோலைக்குள் விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலைக்காடு 2024இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது சந்தோஷப்பட்ட ஊர்க்காரர்கள்தான் நாங்களும். ஆனால் அதே வருடம் நடப்பவர்களுக்காகத் தமிழ்நாடு முழுக்க 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் பதிவுசெய்யவும் வழி பண்ணினார்கள். சைக்கிளுக்கு ஒரு பாதை எது, எந்த மாதம் திறப்பு, எது கூடவே கூடாது என்று எழுத்தில் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. சீசனில் கார் கார் என்று வந்து நிற்கிறதே, அதற்கு இ-பாஸ் இருக்கிறது. எங்களைத் தார் ரோட்டில் ஓட்டச் சொல்கிறீர்கள், கொண்டை ஊசி வளைவில் வேன்காரர் ஒதுக்குகிற ஒதுக்கில் தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு. பாதுகாப்புக்காகத்தானாம்! இந்த மாவட்டத்தில் சொந்த நிலத்தில் பொக்லைன் விடவே அனுமதி வாங்க வேண்டும். அகழி வெட்ட வந்த பொக்லைனோடு ஒரு தகரப் பலகையும் வந்திருக்கக் கூடாதா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். பாதையை மூடுவதாக இருந்தால் மூடுங்கள், ஆனால் மூடியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். தயவுசெய்து, அந்த வளைவுக்கு இருபதடி முன்னால், தமிழில், ஒரே ஒரு பலகை.

பையனுக்கு இன்னும் மூன்று வாரம் கட்டு இருக்கும். அந்த அக்காவின் தலைத்துண்டைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். திருப்பிக் கொடுக்க அந்த வழியாகத்தான் போக வேண்டும், விடியற்காலையில், அவர் வேலைக்கு வரும் நேரத்தில்.

இப்படிக்கு,
டார்ச் லைட்டோடு வரப்போகும் ஒரு சைக்கிள்காரன்