தளம் போட்ட பிறகு மாதிரி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டுமானத்தில் ‘பிம்’ (BIM) எனப்படும், கணினியில் உருவாக்கும் கட்டடத் தகவல் மாதிரி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டி முடிப்பதற்கு முன்பே கட்டடத்தை முப்பரிமாணத்தில் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று கட்டுரையாளர் மகிழ்கிறார். பார்க்கலாம்தான். ஆனால் அந்த மாதிரியை யார், எப்போது, எந்தப் பொறுப்பில் உருவாக்க வேண்டும் என்பதை அவர் தொடவே இல்லை. பலன் கிடைப்பதும் கிடைக்காததும் அதில்தான் இருக்கிறது.

ஒரு மருத்துவமனை நடைபாதையின் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குத் தளம் 3.6 மீட்டர். பீமுக்கு 60 சென்டிமீட்டர் போய்விடும். தரையிலிருந்து 2.4 மீட்டரில் ஃபால்ஸ் சீலிங். பீமுக்கு அடியில் மிஞ்சுவது 60 சென்டிமீட்டர்தான். ஏசி டக்ட், தீயணைப்புக் குழாய், ஆக்சிஜன் குழாய், கேபிள் ட்ரே, மேல்தளக் கழிவறையின் கழிவுநீர்க் குழாய் எல்லாம் அதற்குள் போயாக வேண்டும். கேபிளை ஏற்றி இறக்கி வளைத்துக்கொண்டு போகலாம். கழிவுநீர்க் குழாயிடம் அது நடக்காது. நூறுக்கு ஒன்று என்று சரிவு கொடுத்தாலும், 20 மீட்டர் போவதற்குள் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அதன் பாதையை முதலில் முடிவுசெய்துவிட்டுத்தான் டக்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும். கேபிளின் முறை கடைசியில்.

நம் ஊரில் நடப்பது வேறு. கட்டமைப்பு, மின்சாரம், பிளம்பிங், ஏசி வரைபடங்கள் தனித்தனி அலுவலகங்களில் தயாராகின்றன. ஏசி ஒப்பந்ததாரர் யார் என்று முடிவாகும்போது பல இடங்களில் மூன்று தளங்கள் எழும்பியிருக்கும். பிறகென்ன, கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங் இயந்திரம் வந்து இறங்கும். நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனைத் திட்டத்தில் பீமைத் துளைத்து எடுத்த கான்கிரீட் உருளையில் வெட்டுப்பட்ட கம்பியின் முனைகள் பளபளவென்று தெரிந்தன. கணக்குப் போட்டு, பளு தாங்குவதற்காக வைத்த கம்பி அது. கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்து, அந்த பீமை இரும்புத் தகடு வைத்து வலுப்படுத்த வேண்டியதாயிற்று. கான்கிரீட் போடுவதற்கு முன் சரியான இடத்தில், குழாய்க்கு வழிவிடும் ஒரு ஸ்லீவ் (உறைக்குழாய்) வைத்திருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும் வேலை.

அந்தத் திட்டத்திலும் பிம் மாதிரி இருந்தது என்பதுதான் வேதனை. டெண்டரில் நிபந்தனை இருந்ததே என்பதற்காக, தளங்கள் எழும்பிய பிறகு, கைவசம் இருந்த வரைபடங்களை வெளியாரிடம் கொடுத்துச் செய்து வாங்கினார்கள். எந்தக் குழாய் எந்த பீமில் மோதுகிறது என்பதை அது ஒன்று விடாமல் காட்டியது. அதற்குள் கான்கிரீட் இறுகிவிட்டது.

மற்ற நாடுகள் இதைச் சட்டத்தாலும் ஒப்பந்தத்தாலும் சரிசெய்தன. சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலை அனுமதிக்கு 2013-இல் மாதிரியைக் கட்டாயமாக்கியது. 2015-இல் அந்த வரம்பு 5,000 சதுர மீட்டராக இறங்கியது. பொறியியல் மாதிரிகளும் அதில் சேர்ந்துவிட்டன. பிரிட்டன் 2011-இல் அறிவித்துவிட்டு, துறைக்கு ஐந்து ஆண்டு அவகாசம் தந்து, 2016 முதல் மத்திய அரசின் திட்டங்களில் அதை வற்புறுத்தியது. யார் எந்தத் தகவலை எந்தக் கட்டத்தில் தர வேண்டும் என்று வகுக்கும் ஐஎஸ்ஓ 19650 தரநிலை 2018-இல் வெளிவந்தது. அது பிரிட்டனின் அனுபவத்தில் விளைந்தது. நம் நாட்டிலும் நாக்பூர் மெட்ரோ கால அட்டவணையையும் செலவுக் கணக்கையும் மாதிரியோடு இணைத்து வேலை செய்திருக்கிறது. ஆகவே இது நமக்கு எட்டாத வித்தை அல்ல.

ஆட்களுக்கும் பஞ்சமில்லை. சென்னையிலும் கோவையிலும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கட்டடங்களுக்கு நாள்தோறும் மாதிரி உருவாக்கித் தருகிறார்கள். அங்கே போகும் கழிவுநீர்க் குழாயின் சரிவை இங்கே உட்கார்ந்து மில்லிமீட்டர் சுத்தமாகச் சரிபார்க்கிறார்கள். அதே தெருவில் எழும்பும் கட்டடத்தில் பீமைத் துளைத்துக்கொண்டிருக்கிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அரசு மருத்துவமனை, கல்லூரி, பேருந்து நிலையம் போன்ற பெரிய பணிகளிலாவது சிலவற்றைத் தொடங்கலாம். கட்டமைப்பு வேலைக்கு ஆள் வைக்கும்போதே ஏசி, மின்சார, பிளம்பிங் ஒப்பந்ததாரர்களையும் முடிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் மோதல் சரிபார்ப்பு முடிந்து எல்லாத் தரப்பும் கையெழுத்திட்ட பிறகே கான்கிரீட் போட அனுமதி தர வேண்டும். மாதிரி செய்வதற்கான செலவை அளவுப் பட்டியலில் தனி இனமாகக் காட்டி, அதற்கென்று பணம் தர வேண்டும். இலவசமாகக் கேட்டால் கடனுக்குச் செய்த மாதிரிதான் கிடைக்கும்.

கம்பி கட்டும் மேஸ்திரியையும் மறந்துவிடக் கூடாது. ஸ்லீவ் வைக்கப்போகிறவர் அவர். அலுவலகத் திரையில் மட்டும் இருக்கும் மாதிரியால் அவருக்கு என்ன பயன்? ஸ்லீவ் வரும் இடத்தை மட்டும் பெரிதாக்கி வரைந்து, அளவு குறித்து, காலையில் வேலை தொடங்கும்போது அவர் கையில் தாளாகத் தர வேண்டும். இதைச் செய்து பார்த்த கட்டுமான இடங்களில் கேள்விகள் முதலில் வந்தது மேஸ்திரிகளிடமிருந்துதான். அவற்றில் பல மாதிரியிலேயே இருந்த பிழைகளைப் பிடித்துக் கொடுத்தன.

கட்டி முடித்ததும் உள்ளது உள்ளபடி திருத்திய மாதிரியைப் பராமரிப்புப் பிரிவிடம் ஒப்படைக்கும்வரை இறுதி பில்லை நிறுத்திவைக்க வேண்டும். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் இறந்த பிறகு, உயர்ந்த குடியிருப்புகளின் கட்டுமானத் தகவல்களை மின்னணு வடிவில் பேணுவதை அந்த நாடு சட்டமாக்கியது. நம்மிடம் பத்து ஆண்டு பழைய கட்டடத்தில் ஒரு வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டால், சீலிங் பலகையைக் கழற்றித் தேடுகிறோம்.

இனி ஒரு திட்டத்தைப் பற்றி எழுதும்போது, முதல் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட தேதியையும் மாதிரி தயாரான தேதியையும் உங்கள் நிருபர் கேட்டு வாங்கி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டுமானத் திட்ட மேலாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.