பதிவெண்ணை மறைப்பவர் தப்பிக்க, காட்டுபவர் மட்டும் அபராதம் கட்டுவதா?

சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறைக்கும் தமிழ்நாடு போக்குவரத்து ஆணையரகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

மிகுவேகத்துக்கு அபராதம் விதிப்பதை எதிர்த்து நான் இந்த மடலை எழுதவில்லை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டின் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் பத்தில் ஏழு பேருக்கு மேல் மிகுவேகத்தால் இறந்தவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. வேறெந்த மாநிலத்திலும் அவ்வளவு நடக்கவில்லை. அவற்றில் 17,884 பேரை இழந்தோம். ஆகவே வேகத்தை அடக்க நீங்கள் எடுக்கும் முயற்சிகளை மனமார ஆதரிக்கிறேன். ஆனால் கேமராவை மட்டும் நம்பி நடக்கும் கண்காணிப்பு, தன் பதிவெண்ணை ஒழுங்காகக் காட்டிச் செல்பவரிடம் மட்டுமே அபராதம் வாங்குகிறது. திட்டமிட்டு மறைத்துச் செல்பவரை அது தொடுவதே இல்லை. இந்த அநீதியைத்தான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

அண்ணா சாலையிலோ வேளச்சேரியிலோ சிக்னலில் நிற்கும்போது, முன்னால் உள்ள வண்டிகளின் பின்பக்கத்தைக் கொஞ்சம் கவனித்தாலே விதவிதமான மறைப்புகள் கண்ணில் படும். பைக்கின் நம்பர் பிளேட் மேல்நோக்கி மடக்கப்பட்டிருக்கும். பின்னால் நிற்பவருக்கு அதன் விளிம்பு மட்டுமே தெரியும். ஒன்றில் கடைசி எண்ணின் மேல் கருப்பு டேப் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் 8 என்பது 3 ஆகத் தெரியும் அளவுக்குப் பெயின்ட் சுரண்டப்பட்டிருக்கும். தண்ணீர் லாரிகளிலும் டிப்பர்களிலும் கிரீசும் சேறும் அப்பி, எண் எழுதிய இடமே தெரியாது. ஆயுத பூசைக்குப் பூசிய சந்தனம் பல வாரம் பலகையிலேயே காய்ந்து கிடப்பதும் உண்டு. அதை நான் குற்றமென்று சொல்லமாட்டேன். ஓர் ஈரத்துணி போதும். மடக்குவதும் சுரண்டுவதும் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. 2019 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் வண்டிகளுக்கு, கழற்றினால் மறுபடி பூட்ட முடியாத உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பலகையையும் மடக்கிவிடுகிறார்கள் என்றால், அது கவனக்குறைவால் நடப்பதல்ல.

அபராதக் கணக்கும் இப்படி மறைப்பவருக்கே சாதகமாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவின்படி மிகுவேகத்துக்குக் காருக்குக் குறைந்தது 1,000 ரூபாய், கனரக வாகனத்துக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை; மறுமுறை சிக்கினால் ஓட்டுநர் உரிமத்தையே பறிமுதல் செய்யலாம். குறைபாடுள்ள எண் பலகைக்கோ, 177-ஆம் பிரிவின் கீழ் முதல்முறை 500 ரூபாய், அடுத்து 1,500 ரூபாய். எண் தெரியாத வண்டிக்குக் கேமரா சலான் அனுப்ப முடியாது என்பதால், அந்த 500 ரூபாயும் ஒரு காவலர் நேரில் நிறுத்தினால்தான் உண்டு. ஆனால் இதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பதிவெண்ணை விதித்த முறையில் காட்டாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டவே கூடாது என்கிறது. அதை மீறுவோருக்கு 192-ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறையும் விதிக்கலாம். ஆகவே புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அழுக்கையும் எழுத்தளவுப் பிழையையும் 177-லேயே விட்டுவிட்டு, மடக்கியது, ஒட்டியது, சுரண்டியது, போலி எண் பொருத்தியது ஆகியவற்றை 39, 192 பிரிவுகளின் கீழ் கொண்டுவருமாறு களத்தில் நிற்கும் ஆய்வாளர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்த வேண்டுகிறேன்.

சுரண்டிய எண்ணால் இன்னொரு கொடுமையும் நேர்கிறது. 8-ஐ 3 ஆக்கியவர் பறந்துவிடுகிறார். அந்த 3-க்கு உரியவரின் கைப்பேசிக்குச் சலான் போகிறது. வீட்டைவிட்டு நகராத ஸ்கூட்டருக்காக, "படத்தில் இருப்பது என் வண்டி இல்லை" என்று அவர் மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. அரசின் வாகனப் பதிவு விவரங்கள் அடங்கிய 'வாகன்' தரவுத்தளத்தில் ஒவ்வொரு வண்டியின் வகையும் தயாரிப்பும் நிறமும் இருக்கின்றன. சலானை அனுப்புவதற்கு முன் படத்தில் உள்ள வண்டியை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இத்தகைய தவறுகளில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். ஒப்பிடாமல் அனுப்பிவிட்டு, அலைச்சலைக் குடிமக்கள் தலையில் கட்டுவது முறையல்ல.

பலகையை மறைப்பவர்களில் பலர், வேக வரம்பே நியாயமற்றது என்று காரணம் சொல்கிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வரம்பு தவறென்றால் அதைக் கேள்வி கேட்க வழிகள் இருக்கின்றன. ஆயினும் அவர்களுக்கு அந்தச் சாக்கு கிடைக்காமல் செய்வது உங்கள் கையில் இருக்கிறது. 2023 ஜூனில் சென்னை நகருக்குள் 40 கி.மீ. வரம்பு என்று அறிவிக்கப்பட்டு, பரவலான எதிர்ப்புக்குப் பின் நவம்பரில் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் 30 என்று திருத்தப்பட்டது. திருத்தியது சரியான செயல். ஆனால் சில மாதங்களுக்குள் இவ்வளவு மாறும் ஒரு வரம்பைச் சாலையில் எழுதி வைத்தால்தானே ஓட்டுபவருக்குத் தெரியும்? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதியும் இதையே கோருகிறது: கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை தெளிவாக இருக்க வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிக்கை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கருவியின் சான்றிதழையும் அது நிற்கும் இடத்தையும் உங்கள் இணையதளத்தில் வெளியிட்டால், ஒளிந்து நின்று பிடிக்கிறார்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

2024 மே மாதம் வாகனங்களில் ஒட்டியிருந்த 'போலீஸ்', 'பிரஸ்', 'வழக்கறிஞர்' ஸ்டிக்கர்களுக்கு எதிராக நீங்கள் எடுத்த நடவடிக்கையைப் பலரும் வரவேற்றோம். அதே உறுதியோடு கட்சிக்கொடி கட்டிய கார்களின் பலகையையும், காவல்துறையினர் சொந்தமாக வைத்திருக்கும் பைக்குகளின் பலகையையும் சோதிக்க வேண்டும். ஊருக்கு ஒரு நியாயம், உள்ளவருக்கு ஒரு நியாயம் என்றால் யாரும் மதிக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேமராக்கள் எடுக்கும் படங்களில் எண்ணைப் படிக்க முடியாதவையும் இருக்கும். சலானாக மாற்ற முடியாத அந்தப் படங்களை ஒதுக்கிவிடாமல், எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்த வகை வண்டியில் எத்தனை என்று மாதந்தோறும் எண்ணி வெளியிடுங்கள். எங்கே எண்ணிக்கை அதிகமோ, அங்கே கேமராவைத் தாண்டிச் சற்றுத் தள்ளி ஒரு காவலர் குழுவை நிறுத்தி, அந்த வண்டிகளை ஓரங்கட்டி, பலகையைச் சரிசெய்த பிறகே விடுங்கள். அடுத்த ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் தொடங்கும்போது அந்த முதல் பட்டியல் வெளியாக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையில் தினமும் வண்டி ஓட்டும் ஒரு குடிமகன்