பெரியவள விட்டுட்டு வராத, பாப்பா

பாப்பா,

நேத்து உன் போனுக்கு அப்பறம் ராத்திரி தூக்கமே வரல. மாப்பிள்ளைக்கு ஜோபர்க்ல, அதான் ஜோகன்னஸ்பர்க்ல, வேலை கெடச்சிருச்சுன்னு சொன்னதும் அப்பா எந்திரிச்சுப் போயி சாமி படத்துக்கு சூடம் ஏத்திட்டாரு, எனக்கும் சந்தோசந்தான், இருபத்தேழு வருசம் கழிச்சு நான் இருக்கற தென்னாப்பிரிக்காவுக்கு நீ வரப்போற, இங்க டர்பன் பக்கத்துல வெருலத்துலேந்து கார எடுத்தா ஆறு மணி நேரத்துல உன் வீட்டு வாசல்ல இருப்பேன். ஆனா பேச்சோட பேச்சா நீ ஒண்ணு சொன்ன பாரு, "பெரியவ டென்த் முடிக்கட்டும்மா, அத்தைகிட்ட இருக்கட்டும், நாங்க சின்னவனோட ஜனவரில போயி செட்டில் ஆயிட்டு அவள கூப்ட்டுக்கறோம்"னு, அதுதான் நெஞ்சுல நின்னுக்கிட்டே இருக்கு. போன்ல பேசுனா நான் அழுதுருவேன், நீயும் சரிம்மா சரிம்மான்னு வச்சிருவ, அதான் டைப் பண்றேன். முழுசா படி.

1998 ஜூன்ல நாங்களும் இதே வார்த்தையத்தான் சொன்னோம். அப்பாவுக்கு இங்க சக்கர ஆலைல இஞ்சினியர் வேலை, உனக்கு அடுத்த மார்ச்சுல பப்ளிக் எக்ஸாம், இந்த ஊர்ல ஸ்கூல் வருசம் ஜனவரில ஆரம்பிச்சு டிசம்பர்ல முடியுது, நடுவுல இழுத்துட்டு வந்தா அதுவும் கெடும் இதுவும் கெடும்னு எல்லாரும் சொன்னாங்க. தம்பிக்கு ஏழு வயசு, அவன மட்டும் தூக்கிட்டு வந்தோம். உன்ன அம்மாச்சிகிட்ட விட்டோம். ரெண்டே வருசம்னு சொன்னேன். அது பிளஸ் டூ ஆச்சு, அப்பறம் பிஸிக்ஸ் காலேஜ்ல சீட்டு கெடச்சத விடக்கூடாதுன்னு ஆச்சு, பி.எட். ஆச்சு, கல்யாணம் ஆச்சு. நீ என் வீட்டுல வந்து தங்குன நாளெல்லாம் சேத்து எண்ணுனா இன்னிக்கு வரைக்கும் நாலு மாசம் தேறாது. நான் எண்ணிருக்கேன்.

ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உறையூர்ல பக்கத்து வீட்டு போனுக்கு பண்ணுவேன், உன்ன கூப்புட ஆள் ஓடும், நீ மூச்சு வாங்க வந்து "நல்லாருக்கேம்மா, சாப்ட்டேம்மா, மார்க் நல்லா வந்துருக்கும்மா"ன்னு சொல்றதுக்குள்ள கார்டுல காசு தீந்துரும். உனக்கு டைபாய்டு வந்து பதினோரு நாள் படுத்துக் கெடந்தது எனக்கு ஒரு மாசம் கழிச்சு லெட்டர்லதான் தெரிஞ்சுது. அந்த லெட்டர இன்னும் வச்சிருக்கேன். நீ அதப்பத்தி ஒரு நாள்கூட என்ன கேட்டதில்ல, அந்த கேக்காததுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு பாப்பா.

நாங்க வந்த ரெண்டாவது வருசம், டோங்காட்ல குடியிருந்தப்ப, பக்கத்து வீட்டு அக்கா ஒரு ஜெராக்ஸ் பேப்பர கொண்டு வந்து காட்டுனாங்க. அவங்களுக்கு தமிழ் பேச வராது, ஆனா ஆடி மாசம் மாரியம்மனுக்கு கூழ் ஊத்துவாங்க, போரிஜ் பிரேயர்னு சொல்வாங்க, பொரட்டாசி முழுக்க கவிச்சி தொட மாட்டாங்க. அந்த பேப்பர் அவங்க பூட்டி வந்த கப்பலோட லிஸ்ட். நம்ம ஊரு ஆளுங்கள கூலி வேலைக்கு ஏத்திட்டு வந்த மொத கப்பல் ட்ரூரோ, மெட்ராஸ்லேந்து 1860 நவம்பர் 16ல 342 பேரோட டர்பன்ல வந்து நின்னுச்சு, அதுக்கப்பறம் 1911 வரைக்கும் கப்பல் கப்பலா வந்தாங்க, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல, கரும்பு வெட்ட அஞ்சு வருச ஒப்பந்தத்துல. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர் போட்டு பேரு, அப்பா பேரு, வயசு, ஊருன்னு எழுதிருக்கும். அந்த அக்காவோட பூட்டி பேருக்கு கீழயே அடுத்த நம்பர்ல பொண்ணு பேரு இருந்துச்சு, நாலு வயசு. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள, எங்க போறோம்னே தெரியாம கப்பல் ஏறுனவ, பிள்ளைய கையில புடிச்சிட்டு வந்திருக்கா. நான் எம்.எஸ்சி., பி.எட். படிச்சு, பிளைட்டுல வந்து, உன்ன விட்டுட்டு வந்தேன். அன்னிக்கு அந்த அக்கா போனதும் கதவ சாத்திட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

இப்ப உன் வேலை விசயம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு, சொல்றேன்.

நீ "மொதல்ல அவரு விசால போயிருவோம், அங்க போயி எனக்கு வேலை பாத்துக்கலாம்"னு சொன்ன. மாப்பிள்ளையோட வொர்க் விசாவ வச்சு உனக்கு குடுக்கறது கூட வர்ற மனைவின்னு ஒரு விசிட்டர் விசா. அதுல இருக்கலாம், வேலை செய்யக்கூடாது. வேலை செய்யணும்னா உன் பேர்ல தனியா வொர்க் விசா வேணும். எனக்கு வந்ததும் அந்த மாதிரி பேப்பர்தான், பதினோரு வருசம் கணக்கு டீச்சரா நின்னவ இங்க வந்து அஞ்சு வருசம் அடுப்படில நின்னேன். நம்ம தெருவுக்குப் பின்னாடி இருந்த ஸ்கூல்லயே கணக்குக்கு டீச்சர் இல்லாம தவிச்சாங்க, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வீட்டுக்கே வந்து கேட்டாங்க, பர்மிட் இல்லைன்னு சொல்லி அனுப்பும்போது எனக்கு உயிரே போச்சு. நடுவுல ஒரு ஏஜென்ட் ரெண்டு மாசத்துல வாங்கித் தர்றேன்னு அப்பாவோட ஒரு மாச சம்பளத்த வாங்கிட்டு போனவன், அப்பறம் போனயே எடுக்கல.

கடைசில, வெளிநாட்டுப் படிப்ப இங்கத்த படிப்போட ஒப்பிட்டுப் பாக்கற ஆபீஸ் சாக்வா, அதுல என் படிப்ப மதிப்பீடு பண்ணித்தான் ஆகணும்னு தெரிஞ்சப்ப, யுனிவர்சிட்டில போயி மூணு தடவ கியூல நின்னு என் டிரான்ஸ்கிரிப்ட வாங்கி ரெஜிஸ்டர் தபால்ல அனுப்புனது யாரு, நீதான். உனக்கு அப்ப பத்தொம்போது வயசு. அம்மாவுக்கு வேலை கெடைக்கட்டும்னு நீ வெயில்ல நின்ன. 2003ல பர்மிட் வந்து நான் மொத நாள் கிளாஸ்ல சாக்பீஸ் எடுத்தப்ப உன்னத்தான் நெனச்சேன். 2022ல ரிட்டையர் ஆகற வரைக்கும் அந்த வேலதான் என்ன இந்த ஊர்ல ஒரு மனுசியா நிக்க வச்சுது.

அதனால நீ அங்கருந்தே ஆரம்பி. இந்த நாட்டுல ஆள் பத்தாத வேலைங்களுக்குன்னு 2022ல வந்த கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் லிஸ்ட்ல எட்டாவதுலேந்து பன்னண்டு வரைக்கும் சயின்ஸ், கணக்கு எடுக்கற டீச்சருங்க இருக்காங்க, நீ பிஸிக்ஸ், பதினாறு வருச சர்வீஸ், உனக்கு வழி இருக்கு. இப்பவே சாக்வாவுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணு. அது வந்ததும் டீச்சருங்க கவுன்சில், சேஸ்னு சொல்வாங்க, அதுல ரெஜிஸ்டர் பண்ணு. அதுக்கப்பறம் ஒரு ஸ்கூல் உனக்கு வேலை தர்றோம்னு எழுத்துல குடுக்கணும், லிஸ்ட்ல பேரு இருந்தா மட்டும் விசா குடுத்துர மாட்டாங்க. போலீஸ் கிளியரன்ஸ் ஆறு மாசத்துக்கு மேல பழசா இருக்கக்கூடாது, அதனால அத மொதல்ல வாங்கிட்டு மத்த பேப்பருக்கு காத்திருக்காத, கடைசில வாங்கு. கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ணுன சர்டிபிகேட்டும் வேணும், கோயில்ல குடுத்த ரசீத வச்சு ஒண்ணும் நடக்காது. சுத்திப்பாக்கற விசால வந்து இங்கருந்தே மாத்திக்கலாம்னு எவனாவது சொன்னா நம்பாத, 2014ல சட்டத்த மாத்துனதுக்கப்பறம் அந்தக் கதவு சாத்துனதுதான்.

இங்க வேலை இல்லாதவங்க நூத்துக்கு முப்பது பேருக்கு மேல. படிச்ச பிள்ளைங்க ரோபாட் பக்கத்துல, அதாம்மா சிக்னல இங்க ரோபாட்னு சொல்வாங்க, அங்க சிவிய அட்டைல எழுதிப் புடிச்சிட்டு நிக்கறத நீ பாப்ப. அதனால வெளிநாட்டுக்காரங்களுக்கு வேலை குடுக்க ஆயிரம் கேள்வி கேக்கறாங்கன்னு மனசுல வெறுப்பு வச்சிக்காத, அவங்க பக்கம் நியாயம் இருக்கு. நீ வந்தா அவங்க பிள்ளைங்களுக்குத்தான் பிஸிக்ஸ் சொல்லித் தரப்போற, அந்த மரியாதையோட வா.

மாப்பிள்ளைகிட்டயும் சில விசயம் சொல்லு. சம்பளத்த அஞ்சால பெருக்கி ரூபாயா பாத்து சந்தோசப்பட வேணாம், வரி புடிப்பாங்க, நாலு பேருக்கும் மெடிக்கல் எய்ட், அதான் ஆஸ்பத்திரி செலவுக்கான காப்பீடு, கட்டணும், கரண்டு ப்ரீபெய்டு, கார் இல்லாம ஜோபர்க்ல நகர முடியாது. வீட்டுக்கு அட்வான்ஸ், மொத மாச வாடகை, பழைய காரு, இதுக்கெல்லாம் கையில காசு வச்சிட்டு வரட்டும், மொத சம்பளம் வந்து பாத்துக்கலாம்னு இருந்தா திண்டாட்டம்தான். ஜூன் ஜூலைல குளிர் எலும்ப புடிக்கும், டர்பன் மாதிரி இல்ல அந்த ஊரு, வீட்டுக்குள்ளயே ஸ்வெட்டர் போடணும். ராத்திரில தனியா நடக்கறதெல்லாம் வேணவே வேணாம். உனக்கு வேலை தேடறப்ப டிசம்பர் நடுவுலேந்து ஜனவரி பாதி வரைக்கும் யாருக்கும் மெயில் போடாத, எல்லாம் லீவுல கடற்கரைக்கு வந்துருவாங்க. இன்டர்வியூல "ஜஸ்ட் நவ் கூப்புடறோம்"னு சொன்னா இப்பவேன்னு நெனச்சு போன பாத்துட்டு உக்காந்திருக்காத, இந்த ஊர்ல அதுக்கு அப்பறமா பாக்கலாம்னு அர்த்தம், மொதல்ல எனக்கு இது புரியாம ஒரு நாள் முழுக்க சாப்புடாம காத்திருந்தேன்.

இப்ப நான் கேக்கறது இதுதான். மாப்பிள்ளை ஜனவரில முன்னாடி வரட்டும். தனியா நாலு மாசம் இருக்க ஆம்பளைக்கு முடியும், கஷ்டமா இருந்தா வாரக்கடைசில டர்பனுக்கு வரட்டும், நான் சமைச்சு டப்பால போட்டு விடறேன், வீட்டுக் கொல்லைல கருவேப்பில மரமே இருக்கு. நீ ரெண்டு பிள்ளைங்களோட அங்கயே இரு. பெரியவ பரிட்சைக்கு ராத்திரி முழிக்கறப்ப நீ பக்கத்துல உக்காந்து பால் ஆத்திக் குடு. அந்த நாலு மாசத்துல உன் சாக்வா, சேஸ் எல்லாம் ஓடட்டும். மாப்பிள்ளை வீடு புடிக்கறதுக்கு முன்னாடி ஸ்கூல பாக்கட்டும், கவர்மென்ட் ஸ்கூல்ல அந்த ஏரியால குடியிருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல சீட்டு, அட்ரஸ் ப்ரூஃப் கேப்பாங்க. ஸ்கூல் லெட்டர் வந்ததும் ரெண்டு பிள்ளைங்களுக்கும் ஸ்டடி விசா அப்ளை பண்ணு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி. பரிட்சை முடிஞ்சதும் ஏப்ரல்ல இங்க ரெண்டாவது டெர்ம் ஆரம்பிக்கும், மூணு பேரும் ஒரே பிளைட்டுல வாங்க. உன் வொர்க் விசா அதுக்குள்ள வரலன்னா வரல, நீ கூட வர்ற மனைவியா வந்துட்டு வேலைக்கு உள்ள பேப்பர தொடர்ந்து பாத்துக்கலாம், வொர்க் விசாக்காரங்களோட மனைவிக்கு இங்கருந்தே அப்ளை பண்ண வழி இருக்கு, அப்பா துணைக்கு வருவாரு. ஆனா வேலைய காரணமா வச்சு பிள்ளைய பின்னாடி தள்ளாத.

அவள கிரேட் பத்துல சேத்துக்க சொல்லு, பதினொண்ணு வேணாம். இங்க பத்து, பதினொண்ணு, பன்னண்டு மூணு வருசமும் ஒரே பாடத்த எடுத்துட்டு போயி மெட்ரிக், அதான் பன்னண்டாவது பரிட்சை, எழுதணும், நடுவுல நுழைஞ்சா தடுமாறுவா. ஒரு வருசம் போகுதேன்னு உன் மாமியார் வருத்தப்படுவாங்க, தெரியும். போகட்டும் பாப்பா, உன் விசயத்துல ஒரு வருசத்த காப்பாத்தப் போயி எத்தன வருசத்த நான் தொலைச்சேன்னு உனக்குத் தெரியாதா.

இன்னொண்ணு. பெரியவகிட்ட யாராவது கேட்டீங்களா, நீ என்னம்மா நெனக்கிறன்னு. உன்கிட்ட அன்னிக்கு நானும் கேக்கல, அப்பாவும் கேக்கல. நீ சமத்துப் பொண்ணு, சொன்னா கேட்டுக்குவன்னு எங்களுக்குள்ளயே பேசி முடிவு பண்ணிட்டோம். ஏர்போர்ட்ல நீ அழவே இல்ல, அத பாத்து நான் தைரியமான பொண்ணுன்னு பெருமையா வேற சொல்லிட்டு திரிஞ்சேன்.

பிள்ளைங்க பாஸ்போர்ட் ரெண்டும் எந்த தேதிக்கு முடியுதுன்னு இன்னிக்கே எடுத்து பாரு, ரெனியூ பண்ணணும்னா லேட் பண்ணாத. நாளைக்கு இங்க ஏழு மணிக்கு போன் பண்றேன், உங்களுக்கு பத்தரை ஆயிருக்கும். பெரியவ முழிச்சிருந்தா மொதல்ல அவகிட்ட குடு, நானே அவகிட்ட கேக்கறேன்.

அம்மா