கை மேலே போகிறதா என்று கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அனுப்பானடியில் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுக்கிறேன். தோள்வலியைப் பற்றி இவள் என்ன எழுதுவது என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் யாருக்குத் தோள் பிடித்திருக்கிறது என்பது டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். பின் கொக்கி ஜாக்கெட்டை எடுத்துவந்து முன் கொக்கியாக மாற்றிக் கேட்பார்கள். கைக்குழி அளவெடுக்க, "கையத் தூக்குங்கக்கா" என்றால் கை பாதியில் நின்றுவிடும், தோள்பட்டை மட்டும் காதுப் பக்கம் ஏறும். "வாயுப் பிடிப்பு" என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் சர்க்கரையும் இருக்கும். வயது பெரும்பாலும் நாற்பதுக்கு மேல், அறுபதுக்குள்.

எனக்கும் அதே கதைதான். ஜடை பின்ன முடியவில்லை, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. முதலில் காட்டிய இடத்தில் வலி மாத்திரை எழுதி, கீழே 'எக்ஸர்சைஸ்' என்று ஒரே வார்த்தை. என்ன எக்ஸர்சைஸ், எப்படிச் செய்வது? சீட்டில் இல்லை. அப்புறம் பெரியாஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில்தான் ஒரு பெண் பொறுமையாகச் செய்து காட்டினார். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறதாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும், தானாக விட ஒன்றிலிருந்து மூன்று வருஷம்கூட ஆகலாம், வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் வைத்தால் இன்னும் இறுகும் என்றார்.

காசு கொடுத்து வாங்க ஒன்றுமில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, உடம்பை அசைத்து அதைத் தானாக ஆடவிட வேண்டும். கையால் வீசக் கூடாது. அடுத்து, சுவரைப் பார்த்து நின்று விரல்களை மெதுவாக மேலே நடத்த வேண்டும், தோளைத் தூக்காமல். எட்டிய இடத்தில் துணிக்குக் குறிபோடும் சாக்கட்டியால் ஒரு கோடு. இது வாடகை வீடு என்று என் கணவர் தினமும் ஞாபகப்படுத்துவார், ஆனால் கோடு ஏறுவதை முதலில் கவனித்துச் சொன்னவரும் அவர்தான். முழங்கையை விலாவோடு ஒட்டி, துணி அளக்கும் மர ஸ்கேலின் இரு முனையையும் பிடித்து, நல்ல கையால் அடுத்த கையை வெளிப்பக்கம் தள்ளுவது இன்னொன்று. முழங்கை விலகாமல் இருக்க அக்குளில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்ளலாம். முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேலே இழுப்பது கடைசியில்தான், அதுவும் வலி தணிந்த பிறகு. இழுவை தெரியலாம். ராத்திரி வரைக்கும் வலி விடாமல் இருந்தால் மறுநாள் குறைத்துக்கொள்ள வேண்டும். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது கையை வெடுக்கென்று இழுக்க வந்தால், கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

கீழே விழுந்து கை தூக்க முடியாமல் போனவர்களுக்கு இது சரிப்படாது, முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். நெஞ்சை அடைத்து வியர்த்து இடது தோள் வலித்தால் 108-ஐத்தான் கூப்பிட வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். சர்க்கரைக்குப் போனால் கண்ணைப் பார்க்கிறார்கள், பாதத்தைப் பார்க்கிறார்கள், தோளைக் கேட்பாரில்லை. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் அதில் இருக்கிறது. மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே, "ரெண்டு கையையும் மேலே தூக்குங்க, பின்னால முதுகைத் தொடுங்க" என்று சொல்லிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு கை போகாவிட்டால் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுக்கலாம். கூடவே இந்தப் பயிற்சிகளைப் படம் போட்டுத் தமிழில் அச்சடித்த ஒரு தாளும் தந்தால், சுகாதாரத் துறைக்குப் பெரிய செலவு வந்துவிடாது.

இப்படிக்கு,
தையல்காரர் ஒருவர்,
அனுப்பானடி, மதுரை.