பிராக்ல உதவுன அந்த பாட்டிக்கு நன்றி

பிராக் நகரத்துக்கு முதல் தடவையா போயிருந்தோம், அம்மாவுக்கு முட்டி வலி வேற, மாலோஸ்ட்ரான்ஸ்கா ஸ்டாப் பக்கத்துல கோட்டைக்கு ஏறுற படிக்கட்டை பார்த்ததுமே அவங்க முகம் வாடிப்போச்சு. பக்கத்துல நின்ன ஒரு செக் பாட்டி, விரல்லயே 22ம் நம்பர் டிராம்னு காட்டி, எங்களோடயே டிராம்ல ஏறி, எங்க டிக்கெட்டையும் மஞ்சள் மெஷின்ல விட்டு டைம் அடிச்சு குடுத்தாங்க (அடிக்கலன்னா அந்த டிக்கெட் செல்லாது). ப்ராஷ்ஸ்கி ஹ்ராட் (பிராக் கோட்டை) ஸ்டாப்ல இறக்கிவிட்டாங்க, அங்கேருந்து படியே ஏற வேணாம், அம்மா மெதுவா நடந்தே உள்ள வந்துட்டாங்க. கோட்டைக்குள்ள இருக்குற, 1344ல ஆரம்பிச்சு 1929லதான் கட்டி முடிச்ச செயின்ட் விட்டஸ் சர்ச், அதுல ஓவியர் முகாவோட கலர் கண்ணாடி ஜன்னல் முன்னாடி அம்மா ரொம்ப நேரம் நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. பேர்கூட கேக்க முடியல பாட்டி, டிராம் கிளம்பிடுச்சு. ரொம்ப ரொம்ப நன்றி, நீங்க நல்லா இருக்கணும்.