கரும்புச் சோகையைக் கொளுத்துவதை விட்டு எத்தனால் எடுக்கலாமே

ஆசிரியருக்கு வணக்கம்.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது பற்றிப் பேச்சு வந்தாலே மைலேஜ் குறையுமா, எஞ்சின் கெடுமா என்பதோடு முடிந்துவிடுகிறது. கரும்பு, மக்காச்சோளம், அரசுக் கிடங்கு அரிசி என்று பெரும்பாலும் சாப்பாட்டுப் பொருளிலிருந்துதான் அந்த எத்தனாலை எடுக்கிறோம். எனக்கு இது மனசு ஒப்பவில்லை.

எங்கள் பக்கம் கரும்பு வெட்டியதும் சோகையை, அதாவது காய்ந்த இலைகளை, வயலிலேயே கொளுத்துவது இன்னும் நிற்கவில்லை. அதிலும் சர்க்கரை இருக்கிறது, ஆனால் செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் என்று இறுகிக் கிடக்கிற சர்க்கரை. உடைத்தெடுத்தாலும் ஹெமிசெல்லுலோஸிலிருந்து வருவது பெரும்பாலும் சைலோஸ் என்ற சர்க்கரை, அதை சாராய ஆலை ஈஸ்ட் புளிக்க வைக்காது.

இதற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இங்கிராம் குழு 1987-லேயே வழி கண்டது. ஈ.கோலி பாக்டீரியா சைலோஸையும் தின்னும், ஆனால் தருவது பெரும்பாலும் அமிலங்கள். கள்ளில் வாழும் சைமோமோனாஸ் என்ற பாக்டீரியா எத்தனால் தருவதில் கெட்டி, சைலோஸைத் தின்னாது. சரி, சைமோமோனாஸின் இரண்டு மரபணுக்களை ஈ.கோலிக்குள் வைத்தார்கள், ஈ.கோலி எத்தனால் தர ஆரம்பித்தது. 1991-இல் அமெரிக்காவின் 50 லட்சமாவது காப்புரிமை இதற்குத்தான் கிடைத்தது. ஈ.கோலி என்றதும் வயிற்றுப்போக்கு நினைவுக்கு வரும், இது தீங்கில்லாத ஆய்வக வகை.

அப்புறம் ஏன் ஊரெல்லாம் ஆலை வரவில்லை? சர்க்கரையைப் பிரிக்கச் சோகையை அமிலத்தில் வேகவைக்கும்போது உண்டாகும் ஃபர்ஃபுரல் என்ற வேதிப்பொருளும் அசிட்டிக் அமிலமும் பாக்டீரியாவையே முடக்கிவிடுகின்றன, செல்லுலோஸை உடைக்கும் நொதிக்கும் செலவு அதிகம், போதாததற்குச் சோகை இலேசான பொருள் என்பதால் லாரி வாடகையே கையைக் கடிக்கும். இதில் முதல் இரண்டும் ஆய்வகத்தில் தீர்க்க வேண்டியவை, அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும்.

பானிபட்டில் இந்தியன் ஆயில் 2022 ஆகஸ்டில் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிடப்பட்டது. வைக்கோலை எரிக்கிற ஊருக்கு அது சரி. டெல்டா வைக்கோலைத் தொடச் சொல்லமாட்டேன், அது மாட்டுக்கு வேண்டும். சோகையிலும் ஒரு பங்கு மூடாக்காக மண்ணுக்குப் போகட்டும், எரிக்கிற மீதியைத்தான் கேட்கிறேன்.

கோவையில் வேளாண் பல்கலைக்கழகமும் இருக்கிறது, கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் இருக்கிறது. நம் சோகைக்கு ஏற்ற பாக்டீரியாவை உருவாக்க அவர்களுக்கு மாநில அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் தலையங்கம் எழுத வேண்டும், அடுத்த அரவைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே.

– ஒரு கரும்பு விவசாயி, விழுப்புரம் மாவட்டம்