கூட்டத்தில் நடக்கச் சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு

துணை நடிகராக முதல் படப்பிடிப்புக்குப் போன அன்று, என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்ட அந்த அண்ணனுக்கு நன்றி.

ரயில் நிலையக் காட்சி. "இங்கிருந்து அங்கே நடங்க" என்று மட்டும் உதவி இயக்குநர் சொல்லிவிட்டுப் போனார். மற்றதெல்லாம் அண்ணன் சொன்னதுதான். கதாநாயகி எந்தச் சொல்லைப் பேசும்போது முதல் டேக்கில் கிளம்பினேனோ, ஒவ்வொரு டேக்கிலும் அதே சொல்லில் கிளம்ப வேண்டும். பை வலது கையில் இருந்தால் கடைசி வரை வலது கைதான். ஒரே காட்சியைத் தூரத்திலும் நெருக்கத்திலும் தனித்தனியாக எடுத்துப் பிறகு ஒட்டுவார்கள், அப்போது கை மாறியது பளிச்சென்று தெரிந்துவிடும். பேசுவது போல உதட்டை மட்டும் அசைக்க வேண்டும், சத்தம் கூடாது. மைக் வசனத்துக்கு, கூட்டத்தின் இரைச்சலை அப்புறம் சேர்த்துக்கொள்வார்கள். இதையெல்லாம் யாராவது முன்பே சொன்னால் என்ன குறைந்துவிடும்!

என் சட்டையில் நெருக்கமான மெல்லிய கோடுகள். அது கேமராவில் அலையடிக்கும் என்று சொல்லி, தன் பையிலிருந்த வெற்றுச் சட்டையைக் கொடுத்தார். காத்திருக்கும் நேரம்தான் இந்த வேலையில் பாதி. அதுவும் அவர் பேச்சில் ஓடிவிட்டது.

மாலையில் ஆளுக்கொரு வண்டியில் ஏற்றிவிட்டதால் பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை. அண்ணா, இதைப் பார்த்தால் ஒரு வரி எழுதுங்கள்.